அப்பாவுக்குக் காது குத்த வைத்த அத்தை

போடிமெட்டுக்குப் போகிற பஸ்ஸை நடுவழியில் நிறுத்திக் கொய்யாப்பழம் பறித்த ஒரே பெண்மணியை எனக்குத் தெரியும். வளைவுகளில் பஸ் ஏறும்போது நாங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருப்போம். அவள் மட்டும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மலைச்சரிவில் என்னென்ன விளைந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவாள்.

“டிரைவரண்ணே, அந்தா பழம் மஞ்சளாத் தொங்குது. ஒரு நிமிசம் நிப்பாட்டுறீகளா?”

பஸ் நின்றது. ஏன் நின்றது என்று டிரைவருக்கே தெரிந்திருக்காது. கண்டக்டர் இறங்கி மரத்தில் ஏறினார். பெட்டி படுக்கையோடு தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் கீழே நின்று துண்டை விரித்துப் பிடித்தார்கள். ஆளுக்கொரு பழம் கிடைத்தது. டிரைவருக்கு இரண்டு. கோபப்பட நினைத்திருந்த ஒன்றிரண்டு பேரும் வாய் நிறையப் பழத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கோபப்படுவது?

எங்கள் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தாள். ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலை. புருஷன் மலைக்கு லோடு ஏற்றிப் போகிற லாரி டிரைவர். ஒரு நாளைக்கு எண்ணி நாலு வார்த்தை பேசுவார். அதில் இரண்டு “சரி.” குடிவந்த அன்றைக்கே அவள் அப்பாவை “அண்ணே” என்று கூப்பிட்டுவிட்டதால் எனக்கு அத்தையாகிவிட்டாள். வேறு சொந்தம் ஒன்றும் கிடையாது.

அத்தையிடம் இருந்த சாமான் ஒவ்வொன்றும் யாரிடமாவது கேட்டு வாங்கியதுதான். பெரிய ஆம்பளைக் குடை ஒன்று வைத்திருந்தாள். அது ரோடு அளக்க வந்த சர்வேயருடையது. “அய்யா, ஊருக்குப் போறப்ப இத என்ன செய்யப்போறீக?” என்று கேட்டாளாம். அவருக்குப் பதில் தெரியவில்லை, கொடுத்துவிட்டார். பட்டாளத்துக் கம்பளி ஒன்று, வெள்ளைக்காரத் தோட்டத்துரை வீட்டிலிருந்து வந்த பீங்கான் மூடி ஒன்று. மூடிக்குரிய பாத்திரம் கிடையாது. அதையும் கேட்டிருக்கிறாள், துரை இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

இல்லை என்று யார் சொன்னாலும் அவள் முகம் சுருங்கியதே இல்லை. “இல்லைன்னா என்ன? நேத்தும் இல்லாமத்தான இருந்துச்சு” என்பாள். சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவாள். அதே போல அவளிடம் யார் எதைக் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடுவாள். அந்தக் குடை பாதி நாள் எங்கள் தெருவில் யார் யார் தலைக்கு மேலோதான் போய்க்கொண்டிருக்கும்.

எனக்கு அப்போது இருபது வயது. ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த டீச்சர் என்ற மிதப்பு வேறு. அத்தையோடு கடைத்தெருவுக்குப் போவதென்றால் உயிர் போகும். எதிரே வருகிற முன்பின் தெரியாத ஆளை நிறுத்தி, “இந்தச் சட்டைத் துணி எங்கண்ணே எடுத்தீக?” என்பாள். தாலுகா ஆபீஸ் அதிகாரி ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, “அய்யா, அந்தப் பேனாவுல நானும் ஒரு கோடு போட்டுக்கிரட்டா?” என்று கேட்டாள். போட்டாள். அதிகாரி தாளைத் திருப்பிப் பிடித்து வசதி செய்து கொடுத்ததை நானே பார்த்தேன். நான் இரண்டு கடை தள்ளிப் போய் நின்று, வேறு ஊர்க்காரி மாதிரி பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏன் அத்தை இப்பிடி மானத்த வாங்குறீக?” என்றால், “கேக்குறதுக்கு வாய வாடகைக்கா எடுத்துருக்கோம்? நம்ம வாயிதான?” என்பாள்.

எங்கள் அப்பா இதற்கு நேர் எதிர். சாப்பிடும்போது உப்பு பத்தவில்லை என்றால் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்துவிடுவார், அம்மாவிடம் கேட்கமாட்டார். ராசிங்காபுரத்திலிருந்து வெயிலில் நடந்தே வருவார். பக்கத்திலேயே தெரிந்தவர் வண்டி காலியாக வந்துகொண்டிருக்கும். “அவுகளா ஏறச் சொன்னா ஏறலாம். நாமளா எப்பிடிம்மா கேக்குறது?” என்பார்.

இப்படிப்பட்ட மனுஷர் மலையில் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்தார். அதற்காக வீட்டை அடமானம் வைத்தார். அந்த வருஷம் பெய்த மழையில் செடி அடியோடு அழுகிவிட்டது. அடுத்த வருஷமும் அப்படித்தான். கடன் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போய் டிக்ரி வாங்கினார். அப்பா ஒரே ஒரு தடவை வக்கீல் வீட்டுக்குப் போனார். வக்கீல் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

தை மாதக் கடைசியில் கோர்ட்டு அமீனா வந்தார். தெருமுனையில் தமுக்கு அடித்தார்கள். நான் பிறந்த வீட்டை எங்கள் வாசலிலேயே வைத்து ஏலம் போட்டார்கள். ராசிங்காபுரத்து நெல் மண்டிக்காரர் எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல், ஏலம் கேட்கும்போதெல்லாம் எங்கள் வேப்பமரத்தைப் பார்த்துத்தான் கேட்டார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. எல்லாம் முடிந்துபோயிற்று என்று கூட்டம் கலைந்தது.

அமீனா மரத்தடியில் உட்கார்ந்து காகிதம் எழுதிக்கொண்டிருந்தார். அத்தை ஒரு செம்பு மோரோடு போய் அவருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“ஏய்யா, இனிமே ஒண்ணுமே செய்ய முடியாதாய்யா?”

அவர் மோரை முழுசாகக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். “முடியுமே. இன்னைல இருந்து முப்பது நாளு இருக்கும்மா. அதுக்குள்ள கடன் மொத்தத்தையும் கோர்ட்டுல கட்டி, ஏலம் எடுத்தவருக்கு ஏலத்தொகைல நூத்துக்கு அஞ்சு சேத்துக் கட்டிப்புட்டா ஏலமே ரத்தாயிரும். வீடு ஒங்களுக்குத்தான்.”

“அட கடவுளே! இத ஏன்யா யாருமே சொல்லல?”

“யாருமே கேக்கலயேம்மா.”

அத்தை எழுந்த வேகத்தில் செம்பு உருண்டோடியது. அன்றைக்கு நான் அவளைப் பற்றிக் கூச்சப்படுவதை நிறுத்தினேன்.

முப்பது நாளில் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? அம்மாதான் பேச்சுவாக்கில் சொன்னாள். “ஊரு பூராம் மொய் எழுதியிருக்காரு. நமக்குன்னு ஒரு விசேசம் வச்சதில்ல.”

எங்கள் பக்கத்தில் மொய் என்பது சாதாரண விஷயமில்லை. ஒரு வீட்டு விசேஷத்தில் நாம் பணம் எழுதினால், நம் வீட்டு விசேஷத்தில் அவர்கள் வந்து கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுத வேண்டும். ஆனால் விசேஷம் இல்லாமல் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கேட்டால் உறவு அத்தோடு சரி. அப்பா அவர் கல்யாணத்தில் மொய் வேண்டாம் என்று சொல்லிவிட்ட வீம்புக்காரர். எனக்குக் காதுகுத்து முதலாக நடந்ததெல்லாம் கோயிலோடு முடிந்துவிட்டது. அதோடு, அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டு விசேஷத்திலும் மொய் நோட்டு எழுத அவரைத்தான் உட்கார வைப்பார்கள். இருபத்தைந்து வருஷமாக அடுத்த வீட்டு வரவையெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தார்.

“அப்பன்னா ஒரு விசேசம் வேணும்” என்று அத்தை வீட்டிலுள்ளவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பார்வை என்மேல் நின்றது. “ஒனக்கு யாரையாச்சும் பிடிச்சிருக்காடி? சொல்லு. கேட்டுப் பாத்துருவோம்.”

எங்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு எடுத்த ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் அவர் வீட்டு வாசலில் குடையோடு போய் நின்றிருப்பாள். பிற்பாடு அவரைத்தான் கட்டிக்கொண்டேன். அன்றைக்கே சொல்லாததால் இரண்டு வருஷம் வீணாய்ப் போனதுதான் மிச்சம்.

மறுநாள் பொட்டிபுரத்திலிருந்து அப்பாவின் தாய்மாமன் துக்கம் விசாரிக்க வந்தார். எழுபதைத் தாண்டியவர். உடம்பு குடைக்கம்பி மாதிரி இருக்கும். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த அத்தை, திடீரென்று அப்பாவின் காதை உற்றுப் பார்த்தாள்.

“என்ன பெரியவரே, ஒங்க காதுல கடுக்கன் மின்னுது. ஒங்க மருமகன் காதுல ஓட்டையவே காணோம்?”

மாமன் பொலபொலவென்று அழுதுவிட்டார். கதை இதுதான். அப்பாவுக்கு மூன்று வயதில் காது குத்த நாள் குறித்தார்கள், பங்காளி வீட்டில் சாவு விழுந்துவிட்டது. அடுத்த வருஷம் ஊரில் காய்ச்சல். மூன்றாவது தடவை எல்லாம் கூடி வந்தது, சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய் கயிற்றை அறுத்துக்கொண்டு மலையில் ஏறிவிட்டது. சகுனம் சரியில்லை என்று விட்டவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். தாய்மாமன் கடமை கழியாமல் ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. அன்றைக்குச் செய்த கடுக்கன் இன்னும் அவர் பெட்டியில் இருந்தது.

“ஒரு வார்த்த யாராச்சும் கேப்பாகளான்னு காத்துக்கெடந்தேன் தாயி” என்று மூக்கைச் சிந்தினார்.

அத்தை கையைத் தட்டினாள். “மாசில நாளு குறிங்க!”

அப்பா துள்ளிக் குதித்தார். “அம்பத்திநாலு வயசுல காதுகுத்தா? ஊரே சிரிக்கும்!”

“சிரிக்கட்டும்ண்ணே. சிரிக்க வர்றவுக மொய் எழுதாமயா போயிருவாக?”

“அது கேட்டு வாங்குறது மாதிரி ஆயிரும்.”

“நீங்க எங்க கேக்குறீக? ஒங்க மாமன் செய்யிற மொறை. நீங்க மடியில பேசாம ஒக்காந்துருந்தாப் போதும். ஒங்களுக்குப் பேசாம இருக்கத்தான் நல்லா வருமே.”

அப்பா காதைத் தடவிக்கொண்டே எழுந்து உள்ளே போய்விட்டார்.

யாருக்கு எவ்வளவு எழுதினோம் என்று அப்பா குறித்து வைத்ததே கிடையாது. “குடுத்தத எழுதி வச்சா அது கடன்” என்பார். அத்தை அதற்குக் கவலையே படவில்லை. எல்லா வீட்டு மொய் நோட்டும் அவர் கையெழுத்தில்தானே இருக்கிறது! சனி, ஞாயிறு இரண்டு நாளும் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான் படிக்க வேண்டும். புருஷனுடைய லாரியில் உரமூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து போடிமெட்டுவரைக்கும் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் வெற்றிலை பாக்கை வைத்துவிட்டு, “எங்க அண்ணன் எழுதுன நோட்டக் கொஞ்சம் கொண்டாங்க, எழுத்து எம்புட்டு அழகா இருக்குன்னு பாப்போம்” என்பாள். நோட்டு வரும். நான் திருப்புவேன். ஏதோ ஒரு பக்கத்தில், மற்றவர் பெயர்களுக்கு நடுவே, அப்பா தன் பெயரைத் தானே அடக்கமாக எழுதியிருப்பார். வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

“யாருக்கு ஆத்தா காதுகுத்து? பேரனுக்கா?”

“இல்ல, அண்ணனுக்கேதான்.”

அதற்கப்புறம் அந்த வீட்டில் கால்மணி நேரத்துக்குச் சிரிப்பு அடங்காது. சிரித்து முடித்துவிட்டு, “வெரசா சொன்னீக, கட்டாயம் வர்றோம்” என்பார்கள். லாரியில் இறங்கி வரும்போது நானும் அத்தையும் மூட்டைமேல் உருண்டு உருண்டு சிரித்தோம். வீடு போகப்போகிறது என்ற பயம் இருந்துகொண்டேதான் இருந்தது. அது இருக்கும்போதே எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

அவள் போகாத வீடு கிடையாது. ஏலம் எடுத்த மண்டிக்காரர் வீட்டுக்குக்கூடப் போனாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் நோட்டிலும் அப்பா பெயர் இருந்தது. மகள் கல்யாணத்துக்கு எழுதியது.

“ஏம்மா, நான் எடுத்த வீட்ட மீக்க நானே மொய் எழுதணுமா?” என்றார் அவர்.

“ஆமாண்ணே. நூத்துக்கு அஞ்சு ஒங்களுக்கு வருதுல்ல? அதுல எழுதுங்க.”

மண்டிக்காரர் உள்ளே திரும்பி, “இன்னும் ரெண்டு காப்பி கொண்டா” என்று சத்தம் போட்டார்.

விசேஷம் இருபத்தேழாவது நாள். தெருவை அடைத்துப் பந்தல். எங்கள் அப்பா மாலையும் பட்டுத்துண்டுமாக, கோயிலுக்கு விட்ட காளை மாதிரி முழித்துக்கொண்டு வந்தார். தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும் என்பது முறை. அப்பா நல்ல கனத்த உடம்பு. மாமன் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஒக்காரு அப்பு, ஒண்ணும் ஆகாது” என்றார். அப்பா பாதி உடம்பைக் காலில் ஊன்றிக்கொண்டு உட்காருவது மாதிரி உட்கார்ந்தார். பந்தல் சிரித்த சிரிப்பில் மேளக்காரர் வாசிப்பதை விட்டுவிட்டார்.

இதில் நாங்கள் ஒன்றை யோசிக்கவே இல்லை. ஊருக்கே மொய் எழுதுகிறவர் மடியில் உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் மொய் எழுதுவது யார்? டீச்சராயிற்றே என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். கூட்டம் மேஜையை நெருக்கியது. கோடு கோணிற்று, இரண்டு பெயர் ஒரே வரியில் ஏறியது. அப்பா மாமன் மடியிலிருந்தே கழுத்தை எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊருப் பேர மொதல்ல போடும்மா! ஊருதான் மொதல்ல!” என்று கத்தினார். ஆசாரி, “அய்யா ஆடாதீக” என்று கெஞ்சிக்கொண்டே வலது காதைக் குத்தினார். அப்பா அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. நான் ஒரு பெயரை அடித்துத் திருத்தினேன். அதோடு அவர் பொறுமை போய்விட்டது. மொய் நோட்டில் அடித்தல் திருத்தல் வந்ததே இல்லை அவருக்கு. மடியை விட்டு எழுந்து, மாலையோடு மேஜைக்கு வந்து, “நகரு” என்று என்னை எழுப்பிவிட்டு எழுதத் தொடங்கிவிட்டார்.

“இன்னொரு காது?” என்று ஆசாரி ஊசியோடு பின்னாலேயே ஓடிவந்தார்.

“மடியில்லாமக் குத்தக் கூடாது!” என்று மாமன் ஓடிவந்தார். நாற்காலியில் மாமன், மாமன் மடியில் அப்பா, அப்பா கையில் பேனா, காதில் ஆசாரி. அப்படியே இடது காதும் குத்தி முடிந்தது. அந்த வரியில்கூட எழுத்து கோணவில்லை. அது மண்டிக்காரருடைய வரி என்று பிறகு பார்த்தேன். அத்தை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து உட்கார்ந்தே விட்டாள்.

மத்தியானம் ஆனபோது கூட்டிப் பார்த்தோம். கொஞ்சம் குறைந்தது. சிரித்துக்கொண்டிருந்த அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். அத்தை தெருவில் இறங்கி மேற்கே பார்த்தபடி நின்றாள். பந்தியில் கடைசி இலை எடுக்கும் நேரம், மேலே தொங்கிக்கொண்டும் பின்னால் தொற்றிக்கொண்டும் ஆட்களோடு ஒரு ஜீப்பு வந்து நின்றது. மலைத்தோட்டத்து வேலைக்காரர்கள். வழியில் மரம் விழுந்து கிடந்ததாம். அதை இழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். இவர்களில் யாருக்கும் அப்பா மொய் எழுதியதில்லை.

“நீங்கள்லாம் ஏம்ப்பா...” என்று அப்பா தடுமாறினார்.

“இந்தச் சேச்சி வந்து கேட்டுச்சு. வந்தோம்” என்றார் ஜீப்பிலிருந்து முதலில் குதித்தவர். அவ்வளவுதான் காரணம். பணம் போதுமென்று ஆகி, கொஞ்சம் மீதியும் ஆயிற்று.

மறுநாள் கோர்ட்டில் பணம் கட்டும்போது அத்தையும் கூடப் போனாள். அமீனா அப்பாவின் வீங்கிய காதுகளையும் கடுக்கனையும் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாராம். ரசீது வாங்கிய கையோடு அத்தை, “அய்யா, இந்தச் சிவப்புக் கயிறு ஒரு முழம் கெடைக்குமா?” என்று கேட்டு, ஆபீஸ் கட்டுகளைக் கட்டுகிற நாடாவில் ஒரு முழம் வாங்கிவந்தாள். எங்கள் வீட்டுப் பத்திரத்தை அதில்தான் கட்டிவைத்தோம்.

இரண்டு வருஷம் கழித்து, என் கல்யாணம் முடிந்த மாதம், அத்தையின் புருஷனுக்கு மெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. சாமான் ஏற்றிய லாரி வாசலில் நின்றது. அத்தை குடையை என்னிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். இன்ஜின் உறுமியது. அப்பா லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார்.

“மாப்ளே, மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போகலாமா?”

அத்தை லாரியிலிருந்து எழுந்து நின்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். “கேட்டுட்டாரு! அண்ணன் வாயத் தொறந்து கேட்டுட்டாரு!”

அவள் புருஷன் இன்ஜினை நிறுத்தினார். “சரி” என்றார்.

சாப்பிட்டார்கள். சாயங்காலம்தான் போனார்கள். அன்றைக்கு அப்பா மறுசோறும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை.

மறுநாள் காலையில் பின்கட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அப்பா அந்தப் படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய், அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று அத்தையின் குரலிலேயே சொன்னேன்:

“விடுங்கண்ணே. இல்லைன்னா என்ன? நேத்தும் இல்லாமத்தான இருந்துச்சு.”

அப்பா கடுக்கனைத் திருகிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“நேத்து இருந்தாளேம்மா” என்றார்.